காலைக் காப்பாற்ற: சுகர் உள்ளவர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் எனக்கு வேலை. பழைய கட்டைப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டி முடிக்க இருபது நிமிஷமாவது ஆகும். அந்த நேரத்தில் நோயாளியும் கூட வந்தவரும் கேட்ட கேள்விகள்தான் இவை. முடிந்தவரை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். காலை நேரில் பார்க்காமல் எழுத்தில் சொல்லக்கூடியது ஓரளவுதான். அதனால் இதைப் படித்ததோடு நின்றுவிடாமல் உங்கள் டாக்டரிடம் காலைக் காட்டிவிடுங்கள்.

சுகர் வந்தால் ஒருநாள் காலை எடுத்துத்தான் ஆகவேண்டுமா?

இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்தார்கள், சித்தப்பாவுக்கு எடுத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு இது தலையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. சுகர் உள்ளவர்களில் ஆயுளில் ஒரு தடவையாவது காலில் புண் வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரைதான். மற்றவர்களுக்குப் புண்ணே வருவதில்லை. வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒழுங்காகப் பார்த்தால் ஆறிவிடுகிறது.

காலை இழந்தவர்களின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், நூற்றில் சுமார் 85 பேருக்கு அது ஒரு சாதாரணப் புண்ணில்தான் ஆரம்பித்திருக்கும். செருப்புக் கடி, முள், கொப்புளம், பிளேடு வெட்டு. 1989-ல் இத்தாலியில் செயின்ட் வின்சென்ட் என்ற ஊரில் ஐரோப்பிய நாடுகளின் சுகாதாரத் துறையினரும் நோயாளிகளின் சங்கத்தினரும் கூடி, ஐந்து வருடத்தில் இப்படிக் கால் எடுப்பதைப் பாதியாகக் குறைப்பது என்று இலக்கு வைத்தார்கள். தடுக்க முடியாத விஷயத்துக்கு யாரும் அப்படி இலக்கு வைக்க மாட்டார்கள். நம் நாட்டில், 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின் கணக்குப்படி, 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சுகர் இருக்கிறது. அத்தனை பேருக்கும் இரண்டிரண்டு கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போவது ரத்தம். கால் ஏன் பாதிக்கப்படுகிறது?

உடம்பிலேயே நீளமான நரம்பு முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை போவது. வருடக்கணக்கில் சர்க்கரை ஏறியே இருந்தால் நீளமான நரம்புதான் முதலில் நொடிக்கும். அதனால்தான் மதமதப்பு விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் மேலேறுவதுபோல் மெல்ல மேலேறுகிறது.

நரம்பு என்றால் தொடு உணர்ச்சி மட்டும் இல்லை. பாதத்தின் சின்னச் சின்னத் தசைகளை இயக்கும் நரம்பும் தளர்கிறது. விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்து, பாதத்தின் முன்பந்து எலும்பு கீழே துருத்துகிறது. நடக்கும்போது மொத்தப் பாரமும் அந்த ஒரே இடத்தில் விழுகிறது. வியர்வையைச் சுரக்கவைக்கும் நரம்பும் போவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய் அடைபட்டால், வந்த காயத்தை ஆற்றத் தேவையான ரத்தமும் வராது. உணர்ச்சி போய், ரத்தமும் குறைந்து, அதன்மேல் கிருமியும் சேர்ந்தால்தான் காலே போகும் நிலை வருகிறது.

எனக்கு வலியே இல்லையே, எதற்குப் பயப்பட வேண்டும்?

எனக்குப் பயம் தருவதே அதுதான்.

"நடந்துகொண்டிருக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது உங்களுக்குத் தெரியாமல் போனதுண்டா?" புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இது. பாதிப்பேர் சிரிப்பார்கள். "ஆமாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை." ஒருவர் காலணிக்குள் ஒரு நட்டோடு பகல் முழுக்க நடந்திருக்கிறார். ராத்திரி கழற்றும்போது சாக்ஸ் நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்திருக்கிறார், ரத்தம்.

இந்தச் சங்கதி மருத்துவத்துக்குப் புரிந்ததில் நம் ஊருக்கும் பங்குண்டு. கொல்லிமலையில் 1914-ல் மிஷனரி தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோய்தான் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. இல்லை, வலி தெரியாததால்தான் விரல்கள் சுட்டும் வெட்டுப்பட்டும் தேய்ந்துபோகின்றன என்று அவர் கண்டு சொன்னார். ராத்திரியோடு ராத்திரியாகக் குறைந்துபோன விரல்களை எலி கடித்திருந்தது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள் என்பது அங்கே நடந்த உண்மை. 1960களில் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருத்திக் காட்டினார்.

எலிக் கதை பழசு என்று நினைக்க வேண்டாம். தரையில் பாய் போட்டுப் படுக்கும் வீடுகளில் இன்றைக்கும் மரத்துப்போன காலை எலி கடிக்கிறது, காலையில்தான் தெரிகிறது.

மரத்துப்போயிருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், காசில்லாமல். உங்களைக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லி, வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால் விரல்களை மெல்லத் தொடட்டும். வலது காலில் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல். இடது காலில் அதே மூன்று. தொட்டால் போதும், அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொடும்போதெல்லாம் எந்தக் கால் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான சோதனை இது. ஆஸ்பத்திரியில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும் தட்டினால் அதிரும் உலோகக் கவையாலும் இதையே இன்னும் துல்லியமாகப் பார்ப்பார்கள்.

எரிச்சல், ஊசி குத்துவது, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு இதெல்லாம் இருந்தால் சொல்லிவிடுங்கள். ஆனால் இவை எதுவுமே இல்லாமல் உணர்ச்சி போனவர்கள் நிறைய. "எரிச்சல் இருந்தது, இப்போது தானாகவே நின்றுவிட்டது" என்று சந்தோஷப்படுபவர்களிடம் நான் உடனே இழையை எடுத்துவிடுவேன். எரிச்சல் நின்றது குணத்தாலா, நரம்பு மொத்தமாக மரத்ததாலா என்று பார்க்க வேண்டும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காலைக் காட்டுவது?

உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் வருடத்துக்கு ஒன்று. இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் ஆறு மாதத்திலிருந்து வருடத்துக்குள். இரண்டும் குறைந்திருந்தாலோ, ஒன்றோடு பாத வடிவ மாற்றமும் சேர்ந்திருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்தவருக்கு ஏற்கெனவே புண் வந்திருந்தால், விரல் எடுத்திருந்தால், அல்லது சிறுநீரகம் செயலிழந்த நிலை என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். சுகர் டாக்டரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். இது நான் எல்லோருக்கும் சொல்லும் தந்திரம்.

தினமும் காலைப் பார்க்கச் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது?

ராத்திரி படுக்கப் போகுமுன், நல்ல வெளிச்சத்தில். முதலில் விரல் இடுக்கு, ஐந்தையும் விரித்து. சேற்றுப்புண் ஒளிந்திருப்பது நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவேதான். அப்புறம் குதிகாலின் பின்பக்கம், பாதத்தின் அடிப்பக்கம். குனிய முடியாதவர்கள் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டலாம். கண் பார்வை மங்கியவர் தானே பார்த்துப் பயனில்லை. பேரனோ மருமகளோ பார்க்கட்டும். சுகரால் கண்ணும் காலும் பெரும்பாலும் ஒன்றாகவே கெடுகின்றன என்பதால் இப்படிப்பட்டவர்கள் குறைவில்லை.

கொப்புளம், வெடிப்பு, நிறம் மாறிய இடம், கால் ஆணிக்குள் (கெட்டித்த தோலுக்குள்) தெரியும் கருஞ்சிவப்பு, கசிவு. இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டியதுதான். புறங்கையால் இரண்டு பாதத்தையும் ஒரே இடத்தில் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் தோலுக்குக் கீழே ஏதோ நடக்கிறது. இரண்டுக்கும் சுமார் இரண்டு டிகிரி சென்டிகிரேட் வித்தியாசம் இருந்தாலே புண் வரப்போகிறது என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: மெட்டி. கால் வீங்கும்போது அது விரலை இறுக்குவது மரத்த காலுக்குத் தெரியாது. விரல் முழுவதும் அறுபட்டு வந்த ஒரு அம்மா, "தாலிக்கு அடுத்தது இதுதானே, எப்படிக் கழற்றுவது" என்றார். கடைசியில் நகை வெட்டும் கத்தரியால்தான் எடுக்க வேண்டியிருந்தது. தளர்வான மெட்டி போடுங்கள், வீக்கம் தெரிந்த அன்றே கழற்றிவிடுங்கள்.

எந்தச் செருப்பு போடுவது? எம்.சி.ஆர். செருப்பு என்றால் என்ன?

நுண்துளைகள் கொண்ட ஒருவகை மெத்து ரப்பர், பாதம் படும் இடத்தில். கீழே ஆணி ஏறாத கெட்டி அடி. குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை. விரல்களுக்கு மேலே அகலமான, ஒட்டிப் பிரிக்கும் பட்டை. தொழுநோயாளிகளுக்காக நம் நாட்டில் தயாரித்துப் பழகியதுதான் பிற்பாடு சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது. "அது அந்த நோய்க்காரங்க செருப்பு" என்று போட மறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது பல வண்ணங்களில், சாதாரண சாண்டல் மாதிரியே கிடைக்கிறது.

ஹவாய் செருப்பைப் பற்றிக் கேட்பீர்கள். உணர்ச்சி நன்றாக உள்ளவருக்குப் பரவாயில்லை. மரத்த காலுக்கு அது ஆகாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் அறுக்கும், தேய்ந்த அடியில் முள் ஏறும், எங்கோ கழன்று விழுந்தால் தெரியாது.

செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. "போடப்போடச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம். மரத்த காலில் சரியாவது செருப்பு இல்லை, தோல். புதுசை முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி, இரண்டு மணி என்று போட்டுக் கழற்றிப் பாருங்கள், சிவந்திருக்கிறதா என்று. ஒவ்வொரு தடவையும் கால் நுழைக்குமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். நம் வீடுகளில் இதை ஏற்கவைப்பதுதான் கஷ்டம். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் அத்தையும் பாட்டியும் சமாதானமாகிறார்கள்.

கோயிலுக்குள் எப்படிச் செருப்போடு போவது? கிரிவலம் போகலாமா?

செருப்போடு போகச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் நடுப்பகலில் பிரகாரக் கல்லில் காலை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மற்றவர்கள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடும்போது நீங்கள் மட்டும் நிதானமாக நடந்து போகிறீர்கள் என்றால் அது பக்தியால் மட்டும் இல்லை. மறுநாள் உள்ளங்காலில் உள்ளங்கை அகலக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் வருடா வருடம் உண்டு. அதிகாலையிலோ இரவிலோ போங்கள், கெட்டியான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். மரத்த காலோடு அதை வெறுங்காலில் சுற்ற வேண்டாம். நல்ல காலணியோடு போய், வழியில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து காலைப் பாருங்கள். புண் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். தீமிதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சூடு என்றதும் இன்னும் சில: பைக் சைலன்சர், பஸ்ஸில் டிரைவர் பக்கத்திலுள்ள இன்ஜின் மூடி, குளிர்காலத்து வெந்நீர்ப் பை. வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள்.

கால் ஆணியை, பித்தவெடிப்பை நாமே வெட்டிக்கொள்ளலாமா?

கூடாது. சவர பிளேடு, பியூமிக் கல்லை ரத்தம் வர உரசுவது, மருந்துக்கடையில் கிடைக்கும் கார்ன் பிளாஸ்திரி மூன்றும் வேண்டாம். அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். அதற்கு ஆணித்தோலும் ஒன்றுதான், நல்ல தோலும் ஒன்றுதான்.

அதற்காக ஆணியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. கெட்டித்த தோல் செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி, அழுத்தத்தைக் கூட்டி அடியில் புண்ணை உண்டாக்கும். பழகியவர்கள் சீவிவிடுவார்கள், வலிக்காது, ஐந்து நிமிஷ வேலை. வெடிப்புக்குக் குளித்ததும் ஈரம் துடைத்துவிட்டு தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள், விரல் இடுக்கை விட்டுவிட்டு. நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைக் குடையாதீர்கள்.

சின்னக் கொப்புளம்தான். எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

பொறுக்க வேண்டாம். மரத்த காலில் தோல் கிழிந்திருந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாளுக்குள் யாரிடமாவது காட்டுங்கள்.

நான் பார்க்கும் பெரும்பாலான கதைகள் ஒரே மாதிரி. வெள்ளிக்கிழமை முள் குத்துகிறது. வலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், போய் வருகிறார். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் வீக்கம். பக்கத்துக் கடையில் இரண்டு மாத்திரை. வியாழக்கிழமை நாற்றம் வந்தபிறகு, அதுவும் பெரும்பாலும் மனைவி சொல்லித்தான் ஆஸ்பத்திரி. அந்த ஆறு நாள்தான் காலின் விலை.

உடனே, ராத்திரியானாலும் போகவேண்டிய அடையாளங்கள்: சிவப்பு புண்ணைத் தாண்டிப் பரவுவது (இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனாலே டாக்டர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்), சீழ், நாற்றம், கறுப்பு, தொட்டால் நெறுநெறுப்பு, காய்ச்சல், குளிர் நடுக்கம். காய்ச்சல் இல்லையே என்று தைரியமாக இருக்காதீர்கள். மோசமான சீழ் உள்ளவருக்கும் அது வராமல் போகலாம். காரணமே இல்லாமல் சுகர் 350, 400 என்று ஏறினால் முதலில் சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். எப்போதும் மரத்தே இருந்த காலில் புதிதாக வலி வந்தாலும் சும்மா விடக்கூடாது.

மஞ்சள், வேப்பிலை, டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு?

வேண்டாம். சுத்தமான தண்ணீரிலோ மருந்துக்கடை சலைனிலோ கழுவி, சுத்தமான காஸ் வைத்து மூடிக்கொண்டு வாருங்கள். மஞ்சள் பற்றுப் போட்டு வந்தால் எங்களுக்குச் சிவப்பும் தெரியாது, சீழும் தெரியாது.

தினமும் கட்டு மாற்றுகிறோம், விலை உயர்ந்த களிம்பு போடுகிறோம். மூன்று மாதமாக ஆறவில்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இங்கே எப்படி வந்தீர்கள்?"

"நடந்துதான்."

அதுதான் காரணம். உள்ளங்காலில் உள்ள புண்ணின்மேல் நடந்துகொண்டே அதை ஆற்ற முடியாது. நேற்றுப் போட்ட சிமென்ட் தரையில் தினமும் காலை, மதியம், மாலை நடந்துவிட்டு, சிமென்ட் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது மாதிரி. வலி உள்ளவர் தானாகவே நொண்டுவார்; அந்த நொண்டலே பாதி வைத்தியம். மரத்த கால்காரர் நொண்டமாட்டார், கம்பீரமாக நடப்பார்.

பாரத்தை இறக்க மிக நல்ல வழி, முழங்காலுக்குக் கீழே வரை பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு. காலின் வடிவத்துக்கு அப்படியே பொருந்துவதால் பாரம் ஒரே இடத்தில் விழாமல் கெண்டைக்கால் வரை பரவிவிடுகிறது. 1930களில் இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோய்ப் புண்ணுக்குப் போட்டுப் பார்த்த கட்டு இது. பிராண்டின் கை வழியாக அமெரிக்கா போய், சர்க்கரைப் புண்ணுக்கான முதல்தரச் சிகிச்சையாகத் திரும்பி வந்திருக்கிறது. புண்ணில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு என்றாலோ கிருமி தீவிரமாக இருந்தாலோ இதைப் போடமாட்டார்கள்.

"கழற்றி மாட்டும் பூட் போதாதா?" என்பார்கள். கழற்ற முடிந்தால் கழற்றுவோம், மனித சுபாவம். 2003-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. நோயாளிகளின் பூட்டுக்குள் தெரியாமல் ஒரு அடி எண்ணும் கருவியும் இடுப்பில் இன்னொன்றும் வைத்தார்கள். நாளில் நடந்த நடையில் 28 சதவீதம்தான் பூட்டோடு நடந்தது. மிச்சமெல்லாம் பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் வாசலுக்குமான "இதோ இரண்டு அடி".

பாரத்தை இறக்கியும் ஆறவில்லை என்றால் மற்றவற்றைத் தேட வேண்டும். எலும்புக்குள் கிருமி போயிருக்கலாம். கிருமி நீக்கிய கம்பியால் புண்ணுக்குள் தொட்டுப் பார்த்து எலும்பு தட்டுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதால், முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்ததே என்று விட்டுவிடக்கூடாது. ரத்த ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். களிம்பு இந்த வரிசையில் கடைசி. கடையில் அதற்குத்தான் விலை அதிகம், என்ன செய்ய.

ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்?

பாதத்தின் மேலும் கணுக்கால் உட்புறத்திலும் நாடி பார்ப்பார்கள். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது அடுத்தது; 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு. சுகர்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருப்பதால் கணக்கு பொய்யாக நன்றாகவோ, 1.3-க்கு மேலாகவோ காட்டும். அப்போது கால் விரலில் அழுத்தம் எடுக்க வேண்டும், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பார்க்க வேண்டும். அடைப்பு இருந்தால் பலூன் வைத்துத் திறப்பது, பைபாஸ் என்று வழிகள் இருக்கின்றன. "சுகர்காரர்களுக்குச் சின்ன ரத்தக்குழாய்தான் அடைக்கும், ஒன்றும் செய்ய முடியாது" என்பது பழைய பேச்சு.

நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விடும் என்பது அடைப்பின் அடையாளம். நரம்பு மரத்தவருக்கு அதுவும் தெரியாமல் போகலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர் அதை விட்டாக வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

காயமே இல்லை. ஆனால் பாதம் வீங்கி, சிவந்து, சூடாக இருக்கிறது. வலியும் அவ்வளவாக இல்லை.

நடப்பதை இந்த நிமிஷமே நிறுத்துங்கள். இது சார்கோ பாதமாக இருக்கலாம். மரத்த காலில் எலும்பும் மூட்டும் நொறுங்கிக்கொண்டிருக்கும், ஆள் அதன்மேல் நடந்துகொண்டிருப்பார். யூரிக் அமிலம், சுளுக்கு, கால் வீக்கம் என்று வேறு ஏதோ சொல்லி மாத்திரை கொடுத்துவிடும் இடம் இதுதான். ஆரம்ப எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அன்றே மாவுக்கட்டுப் போட்டு, சூடு அடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தால் வடிவம் தப்பிக்கும். விட்டுவிட்டால் உள்ளங்கால் வளைவு இடிந்து, படகின் அடிபோல் கீழே புடைத்துவிடும். புடைத்த இடத்தில் புண்.

ஒரு விரலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். அப்பா ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார்.

அப்பாவின் பயம் புரிகிறது. "ஒரு விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை வருவார்கள்" என்று எல்லோரும் கேட்டிருக்கிறோம். சில இடங்களில் அப்படி நடந்ததும் உண்டு. ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாமல் விரலை எடுத்தால் அந்தக் காயமும் ஆறாது, அடுத்தது மேலே. அதனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். காலின் ரத்த ஓட்டத்தைப் பார்த்தீர்களா? அடைப்பு இருந்தால் முதலில் திறக்க முடியுமா? எடுப்பது எந்த இடம் வரை, ஏன் அந்த இடம்? முழங்காலுக்கு மேலோ கீழோ எடுக்கச் சொன்னால், நேரம் இருந்தால், ரத்தக்குழாய் நிபுணரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள்.

நேரம் இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. விரல் காய்ந்து கறுத்து, உலர்ந்த பேரீச்சை மாதிரி இருந்தால் சில நாள் யோசிக்கலாம். ஈரமாக, வீங்கி, நாறிக்கொண்டு, சிவப்பு மேலேறிக்கொண்டிருந்தால் அது மணிக்கணக்கு. அப்போது இரண்டாம் கருத்துக்கென்று வேறு ஊருக்கு பஸ் ஏறினால், விரலோடு முடிந்திருக்க வேண்டியது பாதமாகிவிடும், சில சமயம் உயிரும். விரல் போன பாதத்தோடு அப்பா நடப்பார், வயலுக்குப் போவார், டி.வி.எஸ். ஓட்டுவார். இதை நான் சொல்வதைவிட, ஏற்கெனவே விரல் எடுத்த ஒருவர் வந்து காட்டினால் ஒப்புக்கொள்வார்.

சுகரைக் குறைத்தால் உணர்ச்சி திரும்பி வருமா?

பெரும்பாலும் வராது. மேலும் கெடுவது மெதுவாகும். ஆனால் ஒன்று பாருங்கள்: மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்து, அதனாலும் கால் மரக்கலாம். அதை ரத்தத்தில் பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

இதற்கெல்லாம் வசதி வேண்டாமா?

கைக்கண்ணாடிக்கும் ஒருவர் விரல் நுனிக்கும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவரிடம் காலையும் காட்டி எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டே போங்கள்.

புண் ஆறிவிட்டது. இனி பழையபடி இருக்கலாமா?

ஆறிய அன்று எல்லோருமே இனிப்புக் கொண்டுவருகிறார்கள், அதுவும் எங்களுக்கு. ஆனால் ஆறியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது, ஐந்து வருடத்தில் 65 பேருக்கு. மரத்தது மரத்ததுதான், துருத்திய எலும்பும் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு காலை ஏற்கெனவே இழந்தவருக்கு மிச்சமுள்ள காலின்மேல் பாரம் இன்னும் கூடிவிட்டது. அந்தக் காலைத்தான் இரண்டு மடங்கு பார்க்க வேண்டும்.

அதனால் கடைசிக் கட்டைப் பிரித்த அன்றே நான் மூன்று விஷயம் செய்துவிட்டுத்தான் அனுப்புவேன். பழைய செருப்பை இங்கேயே குப்பையில் போடச் சொல்வேன், அதன் அடியில் புண் இருந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு பள்ளம் தெரியும், அதைக் காட்டிவிட்டு. புது எம்.சி.ஆர். செருப்பை இங்கேயே போட்டு நடக்கவைத்துப் பார்ப்பேன். கூட வந்தவரின் போனில் அடுத்த மாதத் தேதிக்கு அலாரம் வைப்பேன். போன வாரம் ஒரு பாட்டிக்கு அப்படிச் செய்தபோது பேத்தி கேட்டாள், "அக்கா, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒரு அலாரம் வையுங்கள், பாட்டி காலை நான் பார்க்கிறேன்." வைத்துக் கொடுத்தேன்.